பதினோராம் கட்டிலில் முதல் கேள்வி

பிறிஜெற்றுக்கு அந்த வேலை கிடைத்தது, மூன்று மொழியும் ஒரே மாதிரி வாயில் புரண்டபடியால்தான். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் பதினாறு வருசம் தட்டெழுத்து அடித்தவள். கட்சிக்காரர் தமிழில் அழுவார், அவள் சிங்களத்தில் அடிப்பாள், ஐயா இங்கிலீசில் கையெழுத்து வைப்பார். அந்த மனுசன் குடும்பத்தோடு மெல்பேணுக்குப் போய்ச் சேர, நாலு மாதம் கொட்டாஞ்சேனை வீட்டில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். நாற்பத்தேழு வயதில் இனி யார் வேலை தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கோயிலில் கேள்விப்பட்டாள்.

வேலை இதுதான். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விபத்து வாட்டுகளில், கை கால் முறிந்தும் மண்டை உடைந்தும் கிடக்கிறவர்களிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். பத்தும் குடியைப் பற்றியவை. எத்தனை நாளுக்கு ஒருக்கால், ஒரு இருப்பில் எவ்வளவு, தொடங்கினால் நிற்பாட்ட முடியாமல் போனதுண்டா, விடிந்தவுடன் தேவைப்படுகிறதா, இப்படி. ஒவ்வொரு பதிலுக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை புள்ளி. எட்டைத் தொட்டால், குடி ஆளுக்குக் கேடு செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இருபதைத் தொட்டால், ஆள் குடிக்கவில்லை, குடிதான் ஆளை வைத்திருக்கிறது. நானூறு பேரிடம் கேட்டு முடிக்க வேண்டும்.

பேராசிரியர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். சொன்னதை மட்டும் எழுது. எழுதினதை ஒருவருக்கும் சொல்லாதே, வாட்டு டொக்டருக்குக்கூட. தாளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். அந்த நம்பிக்கையில்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள் என்றார். பிறிஜெற்றுக்கு அது புதிதில்லை. கட்சிக்காரன் சொன்னதை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே பதினாறு வருசமும் அவள் செய்தது.

முதலில் புருசனை இருத்தி வைத்துக் கேட்டுப் பழகினாள். பேர்னாட் துறைமுகத்தில் காவல்காரன். நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு பியர், மற்றும்படி தேத்தண்ணி.

"ஒரு இருப்பில எவ்வளவு குடிப்பீங்க?"

"எவன் வாங்கித் தர்றான்றதைப் பொறுத்தது."

"அப்படி ஒரு பெட்டி இதில இல்ல."

"அப்ப பேப்பர் பிழை. கொண்டுபோய் உங்க புரொபெசர்ட்ட குடு."

வாட்டில் அப்படிச் சிரிக்க முடியாது. சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் எந்த ஆம்பிளையும் உண்மை சொல்ல மாட்டான் என்பதை ஒரு கிழமையிலேயே கண்டுகொண்டாள். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். "ஆளுக்குச் செவ்விளநீர் நல்லம், வாசல்ல விக்கிறாங்கள்" என்பாள். மனைவிமார் ஓடுவார்கள். போய்த் திரும்ப இருபது நிமிசம். பத்துக் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிசம் போதும்.

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. நகரத்தில் ஒரு குண்டு வெடித்தால் அடுத்த கிழமை முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் சோதனை இறுகிவிடும். உள்ளே வந்தவர் வெளியே போனால் திரும்பவும் விடுவார்களோ தெரியாது. அப்படியான நாட்களில் ஒருவரும் கட்டிலை விட்டு அசைவதில்லை. செவ்விளநீருக்கும் போவதில்லை.

அப்படியொரு கிழமையின் செவ்வாய்க்கிழமைதான் தில்லைநாதனிடம் போனாள்.

பதினோராம் கட்டில். ஐம்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் மின்சாரச் சாமான் கடையொன்றில் கணக்கர். முந்தின நாள் பின்னேரம் காலி வீதியில் அவர் வந்த திறீவீலர் பஸ்ஸோடு மோதி, தொடை எலும்பு முறிந்திருந்தது. காலைத் தூக்கிக் கயிறு போட்டுப் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒப்பரேசன்.

கட்டிலருகில் ஒரு முதியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் குடை. கதிரையில் நிமிர்ந்து இருந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் கதிரையை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவந்தவர் போல இருந்தது.

"ஐயா ஆர்?" என்று கேட்டாள் பிறிஜெற். யாழ்ப்பாணத்து ஆட்களைக் கண்டால் அவளுடைய பேச்சும் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

"இரத்தினசிங்கம். சம்மந்தி" என்றார் முதியவர். "இவற்ற மகளைத்தான் என்ர மகன் கட்டப்போறான். லண்டனில இருந்து வாறான். இருபத்தி மூண்டாந் திகதி, வெள்ளவத்தையில மண்டபம் எடுத்திருக்கு."

இன்னும் பதினெட்டு நாள். தில்லைநாதனின் மனைவி யாழ்ப்பாணத்தில். சண்டையால் தரைப் பாதை பூட்டிக் கிடக்கிறது, கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறா. மகள் கௌரி வெள்ளவத்தையில் தகப்பனோடு. இதெல்லாம் இரத்தினசிங்கமே சொன்னார். பிறிஜெற் கேட்காமலே சொன்னார்.

"ஐயா, ஆளுக்கு ஒரு செவ்விளநீர்..."

"போனா விடமாட்டாங்கள் பிள்ளை. எனக்கு அவங்களோட கதைச்சு வரவும் ஏலாது. நீங்கள் கேக்கிறதைக் கேளுங்கோ, நான் இருக்கிறன்."

அன்றைக்கே ஆறு பேரிடம் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கலாம். போகவில்லை. சொன்னது வெளியே போகாது என்று எழுதிய தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேள்வித் தாளை விரித்தாள்.

"அண்ணை, கடந்த ஒரு வருசத்தில மதுபானம் எத்தினை நாளைக்கு ஒருக்கால்..."

தில்லைநாதன் அவளைப் பார்க்கவில்லை. சம்மந்தியின் குடையைப் பார்த்தார்.

"ஒருநாளும் இல்லை."

"நல்ல பழக்கம்" என்றார் இரத்தினசிங்கம். "எங்கட குடும்பத்திலயும் அது இல்லை. அதுதானே நான் விசாரிச்ச முதல் விசயம்."

முதல் கேள்விக்கு இல்லை என்றால் மிச்சம் அநேகமாகக் கேட்கத் தேவையில்லை. பிறிஜெற் பூச்சியம் போட்டாள். போடும்போதே தில்லைநாதன் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். ஒரு கையால் எடுத்து, பிறகு மற்றக் கையாலும் பிடித்தார். அப்படியும் தண்ணீர் கழுத்தில் சிந்தியது.

"கால் நோ தாங்கேலாமல் இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

படிக்கட்டில் கௌரி காத்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வயது. கையில் அப்பாவுக்குக் கொண்டுவந்த இடியப்பப் பார்சல்.

"அன்ரி, நீங்கள் குடியைப் பற்றிக் கேக்கிற ஆள்தானே? அப்பா என்ன சொன்னவர்?"

"அதை நான் சொல்லக் கூடாது பிள்ளை."

"இல்லையெண்டுதான் சொல்லியிருப்பார். மாமா பக்கத்தில இருந்தவர்தானே." பார்சலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "ஒவ்வொருநாளும் அன்ரி. அம்மா வராமல் விட்டதில இருந்து முக்கால் போத்தல் சாராயம். விடியவும் கொஞ்சம் எடுத்தால்தான் சேட்டுக்குத் தெறி பூட்டுவார். நேற்றுப் பின்னேரத்தில இருந்து ஒண்டுமில்லை. ஏதும் செய்யுமோ?"

செய்யும். ஒரு மாதப் பயிற்சியில் பேராசிரியர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இவ்வளவு குடிக்கிற ஆள் சடாரென்று நிற்பாட்டினால் முதலில் நடுங்கும், வியர்க்கும். பிறகு வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் ஆள் தன் நினைவில் இருக்க மாட்டான், இல்லாததைக் காண்பான். சிலர் அதிலேயே போய்விடுவார்கள். அதோடு வெள்ளிக்கிழமை மயக்க மருந்து. டொக்டருக்குத் தெரிந்தால் நடுக்கம் அடக்கக் குளிசையும் விற்றமின் ஊசியும் போட்டுச் சமாளிப்பார்கள்.

"டொக்டரிட்டச் சொல்லுங்கோ பிள்ளை. இண்டைக்கே."

"சொன்னால் கட்டில் ரிக்கெற்றில எழுதுவினம். எல்லாருக்கும் முன்னால வந்து கேப்பினம். மாமா அந்தக் கதிரையை விட்டு எழும்புறாரே இல்லை." கௌரியின் கண் நிறைந்துவிட்டது. "இந்தக் கலியாணம் நிண்டால் நான் இஞ்சயேதான். ஒவ்வொரு பொலிஸ் ரவுண்டப்புக்கும் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டு. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. சொல்ல மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொல்ல மாட்டன்" என்றாள் பிறிஜெற். வழக்கத்தில் வந்துவிட்டது. வாய் மூடுமுன்னமே அது பிழையென்று தெரிந்தது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பேர்னாட்டிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டரைக்குப் போனபோது தில்லைநாதனின் சாரமும் பெனியனும் தண்ணீரில் தோய்த்தெடுத்த மாதிரி இருந்தன. கை இரண்டும் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. இரத்தினசிங்கம் அதே கதிரையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலாக்கும்" என்றார். "மனுசன் ஒரு சுளைகூட வாங்குதில்லை."

பிறிஜெற் குனிந்து தில்லைநாதனின் காதருகில் கேட்டாள். "அண்ணை, என்னட்ட வேண்டாம். டொக்டரிட்ட மட்டும் சொல்லுங்கோ. இது விளையாட்டில்லை."

"என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர், சம்மந்திக்கும் கேட்கும்படி சத்தமாக. "சொன்னதைத்தானே நேற்று எழுதினீங்கள்!"

வாட்டு டொக்டர் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தாள். படிப்பு முடித்து ஒரு வருசமாகாத சிங்களப் பிள்ளை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒன்பது, பத்து. பதினோராம் கட்டிலில் தொங்கிய நோய்க்குறிப்பு ரிக்கெற்றைப் பார்த்தாள், நாடி பிடித்தாள், காய்ச்சல் இல்லையே என்று நேர்ஸிடம் சொன்னாள். அடுத்த கட்டிலுக்குக் கால் வைத்தாள்.

பிறிஜெற் அந்தக் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க நேரமில்லை. டொக்டர் போனால் இனி நாளைக்குத்தான். ஆனால் ஒரு வசதி இருந்தது, கொழும்புத் தமிழர் எல்லாரும் நாளுக்குப் பத்துத் தரம் பாவிக்கிற வசதி. பக்கத்தில் நிற்பவருக்கு விளங்கக் கூடாதென்றால் மொழியை மாற்றுவது. சம்மந்தி யாழ்ப்பாணத்து மனுசன், கொழும்புக்கு வந்து இரண்டு மாதம். வாசலில் பொலிஸோடு கதைக்கவும் ஆள் வேண்டும், பஸ்ஸில் ரிக்கெற் எடுக்கவும் கௌரி வேண்டும்.

பிறிஜெற் சிங்களத்தில் சொன்னாள், கட்டிலைப் பார்க்காமல், ஏதோ வேறு விசயம் கதைக்கிறவள் போல. "டொக்டர், இந்த ஆள் நாளுக்கு முக்கால் போத்தல் சாராயம் குடிக்கிறவர். விடியவும் குடிக்கிறவர். திங்கட்கிழமைக்குப் பிறகு ஒன்றுமில்லை. மகளின் கலியாணத்துக்காக மறைக்கிறார். பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டாம்."

டொக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தில்லைநாதனிடம், தெரிந்த அரைகுறைத் தமிழில், "ஐயா, சாராயம் குடிக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை, இல்லை, இல்லை" என்றார் தில்லைநாதன்.

இரத்தினசிங்கம் தோடம்பழத்தின் நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரிக்கெற்றில் ஏதோ எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். நடுவாந்தரமாக மருந்து தொடங்கினாள். சந்தேகத்துக்கு அவ்வளவுதான் கொடுக்கலாம் என்று பிறகு நேர்ஸ் சொன்னா.

வியாழக்கிழமை பார்வையாளர் நேரம் தொடங்கி அரை மணித்தியாலம் போயிருக்கும். பிறிஜெற் ஏழாம் கட்டிலில் ஒரு மேசனிடம் ஐந்தாவது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோராம் கட்டிலில் இரும்பு அடிபடுகிற சத்தம்.

தில்லைநாதன் எழும்பப் பார்த்தார். தொங்கிய பாரம் ஆடிச் சட்டத்தில் மோதியது. ஒரு அற்றெண்டன் ஓடிவந்து தோளை அமத்தினான். கௌரி மறு பக்கம்.

"கௌரி! அதை ஒளிச்சு வை! வாறாங்கள்! கட்டிலுக்குக் கீழ தள்ளு, கெதியா!"

"அப்பா, ஒருத்தரும் வரேல்லை. அப்பா, நான் கௌரி, என்னைப் பாருங்கோ."

"ஒளிச்சு வை எண்டெல்லோ சொல்றன்!"

வாட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கதவால் இரண்டு பொலிஸ்காரர் உள்ளே வந்தார்கள். குண்டு வெடித்த நாளிலிருந்து வாட்டுகளில் பொலிஸ் பதிவு பார்த்துத் திரிகிறவர்கள்தான். ஆனால் அவர்களில் இளையவன் வவுனியாவில் நாலு வருசம் நின்றவன். தமிழ் முழுக்க விளங்காது, இந்த மாதிரிச் சொல்லுகள் விளங்கும்.

"என்னத்தை ஒளிக்கச் சொல்றான்?" என்று சிங்களத்தில் கேட்டான். அவன் கட்டிலருகில் வந்து அடையாள அட்டைக்குக் கை நீட்டினான். "ஐசி."

கௌரி கைப்பையைத் திறந்தாள். ஐசி விழுந்தது, எடுத்தாள், கொடுத்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவன் அதை மற்றவனிடம் காட்டினான்.

"எப்படிக் காயம்?"

"விபத்து" என்றாள் கௌரி. அவளுடைய சிங்களம் கடைச் சாமான் வாங்கப் போதும், இதற்குப் போதாது. "திறீவீலர்... பஸ்..."

"ஆர் வாறாங்கள்? எதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளச் சொல்றான்? இருக்கிற வீடு எது?"

தில்லைநாதன் அவனுடைய காக்கிச்சட்டையைப் பார்த்தார். என்ன கண்டாரோ, கையெடுத்துக் கும்பிட்டு அழத் தொடங்கினார். "நான் ஒண்டும் வைச்சிருக்கேல்லை ஐயா. என்னட்ட ஒண்டுமில்லை. வேணுமெண்டால் வீட்டைப் பாருங்கோ."

'வீடு' என்றது பொலிஸ்காரனுக்கு விளங்கியது. மற்றவன் வோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

பிறிஜெற் ஏழாம் கட்டிலுக்கும் பதினோராம் கட்டிலுக்கும் இடையில் நின்றாள். ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவளிடம் இருந்தது. அதைச் சிங்களத்தில் சொன்னாலும் பொலிஸ்காரன் திரும்பி முதியவரிடம் சைகையிலாவது கேட்பான், போத்தலா என்று கையைக் கவிழ்த்துக் காட்டுவான், எல்லாம் வெளிக்கும். சொல்லாவிட்டால் இந்த ஆளைக் கட்டிலோடு கொண்டுபோவார்கள், வெள்ளவத்தை வீட்டைக் கிண்டுவார்கள், கௌரியையும் கூட்டிப் போவார்கள். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"ராலஹாமி."

குரல் கதிரையிலிருந்து வந்தது. கொன்ஸ்தாபல்மாரைப் பழைய ஆட்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். அந்த இளைஞனை வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இரத்தினசிங்கம் எழும்பி நின்றார். குடையைக் கதிரையில் வைத்தார். பிறகு சிங்களம் வந்தது. தெற்குப் பக்கத்துச் சிங்களம், இழுத்து, நிறுத்தி, ஒரு பிழையும் இல்லாமல்.

"ராலஹாமி, குறை நினைக்க வேண்டாம். இந்த மனுசன் ஒளிக்கச் சொல்றது சாராயப் போத்தலை. பெரிய பேபத்தா. நாளுக்கு முக்கால் போத்தல். மூன்று நாளாய்க் கிடைக்கவில்லை, அதுதான் இந்தக் கூத்து. அதோ நிற்கிற மிஸ் நேற்றே டொக்டரிடம் சொன்னவ. ரிக்கெற்றில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்."

பேபத்தா. குடிகாரன். வாட்டிலிருந்த அத்தனை சிங்கள நோயாளருக்கும் அவர்களுடைய சொந்தக்காரருக்கும் கேட்டது. மூலையில் யாரோ சிரித்தார்கள்.

"நீங்கள் யார்?" என்றான் பொலிஸ்காரன். அவனையறியாமலே குரல் இறங்கியிருந்தது.

"நான் சம்மந்தி. இருபத்தி மூன்றாந் திகதி என் மகன் இந்தாளின் மகளைக் கட்டுகிறான். குடிகாரன் வீட்டில் பெண் எடுக்கிறேன் என்று இத்தனை பேருக்கு முன்னால் ஒருவன் பொய் சொல்லுவானா, ராலஹாமி?"

நேர்ஸ் ரிக்கெற்றைக் கொண்டுவந்தா. பொலிஸ்காரன் டொக்டரின் எழுத்தைப் பார்த்து முழித்தான், நேர்ஸ் வாசித்துச் சொன்னா. கேள்விக்குறியை வாசிக்கவில்லை. அவன் தில்லைநாதனின் நடுங்குகிற கையை ஒரு தரம் பார்த்தான்.

"என் பெரியப்பாவும் இப்படித்தான் போனவர்" என்றான். ஐசியைக் கௌரியிடம் கொடுத்தான். "கட்டி வையுங்கள், விழப்போறார்."

போய்விட்டார்கள். பதினைந்தாம் கட்டிலில் அவர்கள் வேறு யாரிடமோ பதிவுத் தாள் கேட்கிறது கேட்டது. பிறிஜெற் டொக்டரைத் தேடி ஓடினாள். இந்த முறை கேள்விக்குறி வெட்டுப்பட்டது, ஊசி முழு அளவில் ஏறியது.

திரும்பி வந்தபோது இரத்தினசிங்கம் கதிரையில் இருந்தார். குடை திரும்பவும் மடியில்.

"ஐயாவுக்குச் சிங்களம்..."

"தெற்கில ஸ்ரேஷன் மாஸ்ரராய் இருந்தனான் பிள்ளை. பத்தொன்பது வருசம். எண்பத்து மூண்டு ஜூலைக் கலவரத்தோட நிப்பாட்டினது."

"வேலையையோ?"

"கதைக்கிறதை."

கட்டிலின் மறு பக்கத்திலிருந்து கௌரி அவளைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டன் எண்டனீங்கள் அன்ரி."

"ஓம்" என்றாள் பிறிஜெற். "எண்டனான்."

மாலை பேராசிரியரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போகும் என்று நினைத்தே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் செய்தது பிழை என்றார். செய்யாமல் விட்டிருந்தால் அதைவிடப் பெரிய பிழை என்றார். பிறகு, பிழை அந்தத் தாளிலும் இருக்கிறது என்று சொல்லி, ஒரு வசனத்தை எழுதி மூன்று மொழியிலும் போடச் சொன்னார். உங்கள் உயிருக்கு ஆபத்தென்று கண்டால் மட்டும் டொக்டரிடம் சொல்வேன். இனி முதல் கேள்விக்கு முன்னால் அதை வாசிக்க வேண்டும். வாசித்தால் பலர் வாய் திறக்க மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பின்னாளில் அப்படித்தான் நடந்தது. நானூறு பேர் சேரவில்லை. முந்நூற்று எழுபத்தொன்றோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஒப்பரேசன் தள்ளிப் போனது. திங்கட்கிழமை தில்லைநாதனுக்குத் தெளிந்துவிட்டது. பிறிஜெற் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பார்த்தாள்.

"மிஸ். இஞ்ச வாங்கோ."

முகம் வடிந்துபோய், தாடி நரைத்துக் கிடந்தது. இரத்தினசிங்கம் வழக்கம்போலக் கதிரையில், முகத்துக்கு முன்னால் பேப்பர்.

"கௌரி எல்லாம் சொன்னவள்" என்றார் தில்லைநாதன். "நீங்கள் ஆரிட்டயும் சொல்லமாட்டீங்கள் எண்டு கையெழுத்து வாங்கிப்போட்டுத்தானே கேட்டனீங்கள்?"

"ஓம் அண்ணை. பிறகு சொன்னனான். நான்தான் சொன்னது."

"இந்த மனுசன் ஊருக்கே கத்தினார். அது வேற. அவர் எனக்கு ஒண்டும் எழுதித் தரேல்லை. நீங்கள் தந்தனீங்கள்." மூச்சு வாங்கினார். "உங்கட பேப்பரில இப்ப என்ன கிடக்கு?"

"நீங்கள் சொன்னதுதான். ஒருநாளும் இல்லை."

"வெட்டுங்கோ."

"வெட்டேலாது அண்ணை. ஒருக்கால் எழுதினால் அதுதான் கணக்கு."

இரத்தினசிங்கம் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அப்ப உந்த ஆராய்ச்சியில என்ர சம்மந்தி மாதிரி ஒழுக்கமான மனுசன் வேற ஆரும் இருக்கமாட்டான்" என்றார்.

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தொடை எலும்பு இன்னும் பொருந்தவில்லை. வீட்டுக்குப் போனால் மேசை லாச்சிக்குள் மிச்சப் போத்தல் கிடக்கும். மனைவிக்குக் கப்பல் கிடைத்ததோ தெரியாது.

"கணக்கில எடுக்காட்டிலும் பரவாயில்லை. ஒருக்கால் கேளுங்கோ" என்றார்.

பிறிஜெற் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "ஐயா வெளியில..."

"அவர் இருக்கட்டும்."

"முதல்ல இதை வாசிக்க வேணும் அண்ணை." புது வசனத்தை வாசித்தாள்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் உண்மை சொல்லியிருப்பீங்களோ?"

"இல்லை" என்றார் தில்லைநாதன். "சரி, கேளுங்கோ."

கேட்டாள். பேப்பர் அசையவில்லை, ஆனால் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ஒவ்வொருநாளும்" என்றார்.

பிறிஜெற் நாலு என்று புள்ளி போட்டுவிட்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.